வலென்சியாவில் குடியேற உதவி நிறுவனம்: ஐந்துக்கு, காகித வேலைக்கு நாலரை, வீடு தேடித் தந்ததற்கு ஒன்றரை

கட்டணம் 1,850 யூரோ. மூன்று பேருக்கு விசா விண்ணப்பம், அடையாள அட்டை, நகராட்சிப் பதிவு, வீடு தேட உதவி எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள். கணவர், ஒன்பது வயதுப் பையனுடன் ஸ்பெயினுக்கு வந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இந்த ஊரில் இதே வேலையைச் செய்பவர்கள் நிறைய. ஹெஸ்தோரியா என்பார்கள். விற்கிற சரக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிக் கொடுப்பவள். எனக்குத் தேவைப்பட்டது 2022 டிசம்பரில் வந்த ஸ்டார்ட்அப் சட்டம் திறந்துவிட்ட தொலைவேலை அனுமதி. வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கூட வரும் கணவருக்கு இன்னொரு 75 சதவீதம், பிள்ளைக்கு 25. ஸ்பெயின் வாடிக்கையாளரிடமிருந்து வரும் பணம் மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தூதரகத்தில் கேட்டால் ஒரு வருடம் தருவார்கள். சுற்றுலா விசாவில் சட்டப்படி உள்ளே இருக்கும்போதே விண்ணப்பித்தால் மூன்று வருடம். இந்த ஒரு வித்தியாசத்தை முதல் போனிலேயே சொன்னார்கள். கட்டணத்தில் பாதி அதற்கே சரியாகிவிட்டது.

மீதிப் பாதி எங்கள் பெயர்களுக்குப் போனது. ஸ்பெயினில் எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. எந்தப் படிவத்திலும் இரண்டு கட்டம் இருக்கும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்பது அப்பாவின் பெயர், கணவருடையதில் அவர் அப்பாவின் பெயர், பையனுடையதில் கணவரின் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். திருமணச் சான்றிதழிலோ வெறும் இனிஷியல். எங்கள் கோப்பைப் பார்த்துக்கொண்ட பெண் இதைப் பார்த்துவிட்டு, "இவன் உங்கள் பையன்தானே?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிறகு அவளே ஒரு விளக்கக் கடிதம் தயாரித்து, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை போட்ட பிறப்புச் சான்றிதழோடும் அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்போடும் சேர்த்து அனுப்பினாள். ஒரு கேள்விகூட வராமல் அனுமதி வந்தது. நான் தனியாகச் செய்திருந்தால் இங்கேதான் மாட்டியிருப்பேன்.

அப்புறம் சீத்தா ப்ரேவியா. முன்பதிவு நேரம் என்று அர்த்தம். இந்த நாட்டில் கைரேகை கொடுக்கவும் முன்பதிவு, வரி அலுவலகத்துக்கும் முன்பதிவு. எங்கள் வீட்டில் அதற்குச் சீதை என்றே பெயர் வைத்துவிட்டோம், தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவ்வளவு பாடு. இரண்டு வாரம் தினமும் காலையில் உட்கார்ந்து கைரேகைக்கு நேரம் தேடினேன், 'இப்போது இடம் இல்லை' என்ற ஒரே வரிதான் வந்தது. அவர்களிடம் விட்டேன், நான்காம் நாள் கிடைத்தது. எப்படி என்று கேட்கவில்லை.

இனி குறைகள். இணையதளத்தில் பெரிய எழுத்தில் '24 சதவீத வரி மட்டுமே' என்று போட்டிருந்தார்கள். பெக்கம் சட்டம் என்று இங்கே செல்லப் பெயர். கால்பந்து வீரர் டேவிட் பெக்கம் மாட்ரிட்டில் ஆடிய காலத்தில், 2005இல் வந்தது. 6 லட்சம் யூரோ வரையிலான வேலை வருமானத்துக்கு 24 சதவீதம். ஆனால் அது அடிப்படையில் சம்பள ஊழியர்களுக்கானது. என்னைப் போல அவுத்தோனமோ, அதாவது தனித்தொழில் என்று பதிவு செய்தவர்களுக்கு அந்த வாசல் மிகவும் குறுகல். என் தொழில் என்ன என்று முதல் நாளே அவர்களுக்குத் தெரியும். பணம் கட்டி எட்டு வாரம் கழித்துத்தான் "உங்களுக்குப் பொருந்தாது" என்றார்கள். இப்போது வருமானம் ஏற ஏற வரியும் ஏறும் சாதாரணக் கணக்கில்தான் கட்டுகிறேன். அதோடு ஸ்பெயினுக்கு வெளியே 50,000 யூரோவுக்கு மேல் வைப்புத்தொகை இருந்தால் 720 என்ற படிவத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். இதையும் நான் வேறிடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டு விஷயம் இன்னும் மோசம். அவர்கள் காட்டிய வீட்டுக்கு மாத வாடகை 1,150 யூரோ, 11 மாத ஒப்பந்தம். தரகு என்று ஒரு மாத வாடகை தனியாக வாங்கினார்கள். குடியிருக்க எடுக்கும் வீட்டுக்குத் தரகை வீட்டுக்காரர்தான் தர வேண்டும் என்று 2023இல் வந்த வீட்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரர் தனிநபர் என்றால், வாடகைக்கு வந்தவர் விரும்பும்வரை ஐந்து வருடம் இருக்கவும் உரிமை உண்டு. அந்த 11 மாதம் என்பது 'பருவகால வாடகை' என்ற சந்து. அதில் நுழைந்தால் இரண்டும் கிடையாது. கீழ்வீட்டுப் பாட்டி என் ஒப்பந்தத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கியபோதுதான் விஷயம் புரிந்தது.

அந்த வீட்டை செப்டம்பரில் பார்த்தோம். பளிங்குபோல் தரை, சில்லென்று இருந்தது, ஆகா என்றோம். ஜனவரியில் அதே தரை காலைக் கடித்தது. மத்தியதரைக்கடல் ஊர் என்றால் வெயில் என்று நினைத்து வருகிறோம்; இங்கே பழைய வீடுகள் வெயிலைத் துரத்தத்தான் கட்டப்பட்டவை. வடக்கு பார்த்த வீடு, வெப்பமூட்டும் வசதி கிடையாது. வெளியே 16 டிகிரி, உள்ளே 13. வெளியே போகும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் போனோம், சத்தியமாக. ஹீட்டர் வாங்கினோம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: இங்கே மின்சாரத்துக்கு எத்தனை கிலோவாட் என்று முன்னாலேயே ஒப்பந்தம் போட வேண்டும். எங்கள் வீட்டுக்கு 3.45. ஹீட்டரையும் மின்சார ஓவனையும் சேர்த்துப் போட்டால் வீடே இருண்டுவிடும். இரவுச் சாப்பாடு சூடாக வேண்டுமா, கை கால் சூடாக வேண்டுமா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து.

இன்னொன்று. அவர்கள் முதலில் காட்டியது நகரின் தெற்கே ஒரு புறநகரில், தரைத்தள வீடு, வாடகை 250 யூரோ குறைவு. பள்ளிக்குத் தூரம் என்று விட்டுவிட்டோம். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் அந்தப் பக்கம்தான் மூழ்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை போனில் அலறியபோது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. வெள்ளத்துக்கு யாரும் பொறுப்பில்லை, சரி. ஆனால் 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட்ட ஊர் இது. வீடு காட்டுகிறவர்கள் ஒருமுறையாவது அந்தப் பேச்சை எடுத்திருக்கலாம்.

அந்தப் பழைய ஆற்றுப்படுகைதான் இன்று பூங்கா. பாலங்கள் அப்படியே நிற்க, அடியில் ஆரஞ்சு மரங்கள். பையன் அதன் வழியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான், ஒரு சாலையைக்கூடக் கடக்காமல். இந்த ஊரில் எதை இழந்தாலும் இதை விடமாட்டேன் என்று தோன்றுவது அந்த இருபது நிமிடத்துக்காகத்தான். நான் சமூகப் பாதுகாப்புக் கட்டணம் கட்டுவதால் மூன்று பேருக்கும் அரசு மருத்துவ அட்டை வந்துவிட்டது. முதல் வருடம் அந்தக் கட்டணம் மாதம் 80 யூரோவும் சில்லறையும். அதன்பிறகு வருமானத்துக்கு ஏற்ப ஏறும்.

பள்ளியில் ஸ்பானிஷ் மட்டும் என்று நம்பி வந்தோம். வலென்சியானோ மொழியும் உண்டு, அதுவும் நிறையவே. பையன் இரண்டையும் கலந்து பேசுகிறான், நான் இரண்டிலும் திணறுகிறேன். கணவருக்கு வேறு வருத்தம்: இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே ஆறு மாதம்தான் செல்லும், மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் இல்லை. இருபது வருடம் கார் ஓட்டியவர் பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். இதுவும் அந்த 1,850 யூரோ ஆலோசனையில் வரவில்லை.

ஆகவே, அனுமதியும் அட்டையும் வேண்டுமென்றால் இவர்களிடம் தாராளமாகப் போகலாம். வரிக்குத் தனியாக ஒரு கணக்காளரைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டை ஜனவரியில் ஒருமுறையாவது வந்து பார்த்துவிட்டு எடுங்கள், தெற்கு பார்த்ததாக.

11 மாதம் முடிந்ததும் நாங்களே தேடி பெனிமக்லேத் பகுதியில் மூன்றாம் மாடி வீடு ஒன்றை எடுத்தோம். ஐந்து வருட ஒப்பந்தம், தரகு இல்லை. முகவரி மாற்றத்தைப் பதிய மறுபடியும் சீதை தேவைப்பட்டாள். அதற்கு மட்டும் அவர்களையே கூப்பிட்டேன். 40 யூரோ வாங்கினார்கள். மறுநாளே கிடைத்தாள்.