கண்காட்சிக்கு அச்சு வேலை கொடுக்கப்போகிற ஓவிய மாணவர்கள் கவனத்துக்கு

வருடக் கடைசிக் கண்காட்சி வைக்கப்போகிறவர்கள், அதிலும் போஸ்டர், பேனர் பொறுப்பு தலையில் விழுந்திருப்பவர்கள், கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் எங்கள் பேட்ச் கண்காட்சி. அழைப்பிதழ், ஏ3 போஸ்டர், வாசலில் நிற்க வைக்கிற ஸ்டாண்டி பேனர், ஒவ்வொரு படத்துக்கும் கேப்ஷன் அட்டை என்று மொத்த வேலையையும் திருவல்லிக்கேணியில் ஒரு கடையில் கொடுத்தோம். முக்கால்வாசிப் பணம் முன்பே ஜிபேயில் போய்விட்டது. அப்புறம் ஆரம்பித்தது: மிஷின் ரிப்பேர், லேமினேஷன் வெளியே போயிருக்கு, நாளைக்குக் கண்டிப்பா. திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் கட்டுகள் வந்தன, அதையும் மீதிப் பணம் போட்டால்தான் பிரிப்பேன் என்றார் கடைக்காரர். விடிந்தால் விழா, வேண்டாம் என்று திருப்பிவிட்டு எங்கே போவது? இந்தத் தாமதம்தான் அவர்கள் பிழைப்பே என்று நினைக்கிறேன்.

அழைப்பிதழை 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் கார்டில் (வழவழப்பான அட்டை), மேலே பளபளப்பில்லாத மேட் லேமினேஷனோடு அடிப்பதாகப் பேச்சு. சாம்பிளும் அதில்தான் காட்டினார்கள். வந்ததைக் கையில் எடுத்ததுமே வளைந்தது. கேட்டால், "லேமினேஷன் போட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறார், லேமினேஷன் போட்டால் அட்டை இன்னும் விறைக்கத்தான் செய்யும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு, அவ்வளவுதான். எங்கள் அழைப்பிதழ் ஏ6 அளவு, அதாவது 10.5-க்கு 14.8 சென்டிமீட்டர். 300 ஜிஎஸ்எம் என்றால் நூறு அட்டை, லேமினேஷனைச் சேர்க்காமலே, சுமார் 465 கிராம் வர வேண்டும். பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தோம், 350-ஐத் தொடவில்லை. அதாவது 200 ஜிஎஸ்எம் பக்கம். தராசில் வைத்த படத்தைக் காட்டியதும் "ஸ்டாக் இல்லம்மா, அதான் மாத்தினோம்" என்றார். மாற்றும்போது சொல்லவில்லை, விலையும் குறையவில்லை.

கேப்ஷன் அட்டை கதை இதைவிட மோசம். எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாதபடி எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாமலிருக்கச் சுற்றி 3 மில்லிமீட்டர் ப்ளீடும் விட்டு, பிடிஎஃப் கொடுத்திருந்தோம். அதை அப்படியே அடித்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு ஷீட்டில் இன்னும் நாலு அட்டை ஏற்றுவதற்காக, சரிபார்க்க வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை எடுத்து ஏதோ பழைய கோரல்டிரா டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு, ஃபோனில் நாம் அடிக்கிற யூனிகோடு தமிழ் பிடிபடாது. கொம்பும் காலும் எழுத்தை விட்டு ஓடிப்போய், 'கோடை' என்கிற படத் தலைப்பில் க தனியாக நிற்கிறது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். 'கேன்வாஸில் அக்ரிலிக்' என்று வந்த அட்டை எல்லாமே இதே கதி. சரியாக வந்ததுபோல் தெரிந்த அட்டையிலும் 'மௌனம்' என்பதில் ஔ-வின் பின்பாதிக்குப் பதில் ள உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷம் வரைந்தவள் தன் படத்துக்குக் கீழே அதைப் பார்த்த முகத்தை நான் பார்த்தேன். ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் கையால் எழுதி ஒட்டினோம்.

நிறம் மங்கியதற்கு மட்டும் கடையைத் திட்ட மாட்டேன். திரையில் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) பளீரென்று தெரியும் பச்சையும் ஆரஞ்சும் அச்சின் சிஎம்ஒய்கே என்கிற நாலு நிற மையில் அப்படியே வராது, அது யார் அடித்தாலும் அப்படித்தான். ஆனால் ஸ்டாண்டியில் குறுக்கே கோடு கோடாக விழுந்ததற்கும் அதே சிஎம்ஒய்கே காரணத்தைச் சொன்னது அநியாயம், அது மிஷினில் மை தெளிக்கிற ஹெட்டைச் சுத்தம் செய்யாத கோடு. ஸ்டாண்டி இரண்டரைக்கு ஆறு அடி, 15 சதுர அடி. பில் போட்டது 18-க்கு. ரோல் அகலம் மூன்றடியாம், வெட்டிப்போட்ட அரையடிக்கும் நாங்கள்தான் காசு கொடுக்க வேண்டுமாம். விலை பேசும்போதே வெட்டின அளவுக்கா, ரோல் அகலத்துக்கா என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கு நடுவில், ரோட்டோரம் நாலு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டித் தருகிறேன், பர்மிஷன் எல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று வேறு வற்புறுத்தினார். 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு பெண்ணின் உயிர் போன ஊர் இது. நல்லவேளை, அதற்கு ஒரே குரலில் மறுத்துவிட்டோம்.

இனி வேலை கொடுப்பவர்கள், விழா ஒரு வாரம் முன்னாடியே வருகிறது என்று கடையில் சொல்லுங்கள். பொய்தான், பரவாயில்லை. அடிக்கப்போகிற அதே தாளில் ஒரு பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கி வையுங்கள். எங்களுக்குக் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு, அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, தாள் வகையும் இல்லை. ஜிஎஸ்எம், அளவு, டெலிவரி தேதி மூன்றும் எழுதிய பில் வேண்டும் என்று முதலிலேயே நில்லுங்கள்.

எங்களிடம் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் இருப்பதால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கப்போகிறோம். அதில் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. திருவல்லிக்கேணிப் பக்கம் இதே மாதிரித் துண்டுச் சீட்டு வாங்கி மாட்டியவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுத்துவிடலாம்.