"ரெண்டு கிலோமீட்டர் வைஃபை"ன்னு விக்கிறாங்க, தேவிபட்டினம் - தொண்டி பக்கத்துக்காரங்க உஷார்

இறால் பண்ணை வச்சிருக்கவங்க கண்டிப்பா படிங்க. நம்ம பக்கம் பாதிப் பேருக்கு இதே நிலமைதான், வீட்ல ஃபைபர் நெட் இருக்கும், பண்ணை முக்கா கிலோமீட்டர் தள்ளி கடலோரமா கிடக்கும், நடுவுல பூரா சீமைக்கருவேலம். ராத்திரி கரண்ட் போயி தண்ணிக்குக் காத்து குடுக்குற ஏரியேட்டர் நின்னுச்சுன்னா விடியுறதுக்குள்ள வனாமி இறால் செத்து மிதந்துரும், அதனால கேமரா வச்சே ஆகணும், கேமராவுக்கு நெட் வேணும்.

ராமநாதபுரத்துல ஒரு கடை, பேரு வேணாம். "அண்ணே, மொட்டை மாடில இந்தப் பெட்டிய மாட்டுனா ரெண்டு கிலோமீட்டர் அசால்ட்டா அடிக்கும்ணே, பண்ணைல ஒண்ணும் வைக்க வேணாம், கேமரா தானா பிடிச்சுக்கும்"னு சொல்லி நாலு கொம்பு (ஆன்டெனா) வச்ச ஒரு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புற பெட்டி), கேபிள், மாட்டுற கூலி எல்லாம் சேத்து 11,500 வாங்கிட்டான். மாட்டுன அன்னைக்குப் பண்ணைல போயி போன்ல பாத்தா வைஃபை பேரு வருது, ரெண்டு கோடு கூட காட்டுது, ஆனா ஒரு வாட்ஸப் மெசேஜ் போகல. கேமராவும் சுத்திக்கிட்டே இருக்கு. கேட்டா "செட்டாக டைம் எடுக்கும்ணே"ங்கிறான், வைஃபை என்ன சிமெண்டா செட்டாகுறதுக்கு.

விஷயம் இதுதான். திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பேசுறவன் குரல் நமக்குக் கேக்கும், நாம இங்கருந்து வாயால கத்துனா அவனுக்குக் கேக்குமா? வைஃபைக்கு ரெண்டு பக்கமும் கேக்கணும். பெட்டில எவ்வளவு பெரிய ஆன்டெனா இருந்தாலும் போன்லயும் கேமராவுலயும் இருக்கறது சுண்டைக்கா ஆன்டெனா, அது அனுப்புறது வீடு வரைக்கும் வந்து சேராது. டப்பால போட்டிருக்க தூரம் மரம் மட்டை இல்லாத பொட்டவெளிக் கணக்கு. இதைச் சொன்னதும் "அப்ப நடுவுல பனைமரத்துல இன்னொண்ணு மாட்டுவோம்ணே"ன்னு அடுத்த பில்லுக்கு வந்துட்டான். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் சிக்னலை வாங்கி வாங்கி அனுப்புறதுலயே ஸ்பீடு பாதியாயிரும், பனைமரத்துல கரண்டுக்கு எங்க போறது? அது போக, சிக்னலைக் கூட்ட ஒரு பூஸ்டரும் இருக்காம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஆன்டெனாவோட சேத்து 4 வாட்ஸ் வரைக்கும்தான் லைசென்ஸ் இல்லாம போடலாம், அதுக்கு மேல போட்டா மாட்டிக்கப்போறது நாமதான்.

கேபிள் கதை இன்னும் மோசம். "ப்யூர் காப்பர்"னு காசு வாங்குனான், கச்சான் காத்துல ஒரு முனை அத்துக்கிட்டு வந்தப்ப பிளேடு வச்சு சுரண்டிப் பாத்தா மேல செம்புப் பூச்சு, உள்ள வெள்ளையா அலுமினியம். அந்தப் பெட்டிக்கு கரண்டும் இதே கேபிள்லதான் போகுது, நீளம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கி பெட்டி ஆஃப் ஆகி ஆன் ஆகுது. நம்ம ஊரு உப்புக்காத்துல முனைல வேற பச்சை பூத்துருச்சு.

இப்ப ஓடுறது வேற செட்டு. மண்டபத்துப் பக்கம் கேமரா மாட்டுற ஒரு தம்பி வந்து, 5 கிகாஹெர்ட்ஸ் அவுட்டோர் சிபிஇ (ஒரே திசையப் பாத்து சிக்னல் அனுப்பி வாங்குற வெளிப்பெட்டி) ரெண்டு, வீட்டு மாடில ஒண்ணு பண்ணை ஷெட்ல ஒண்ணு, ஒண்ணையொண்ணு பாத்த மாதிரி மாட்டுனாப்ல. வீட்ல இருக்கறது ஆக்சஸ் பாயிண்ட் மோடு (நெட்டைக் குடுக்குற பக்கம்), பண்ணைல கிளையண்ட் மோடு (அதை வாங்குற பக்கம்), அங்கருந்து ஒரு சாதா ரவுட்டர், அவ்வளவுதான். ஜிஐ பைப்பை ஏன் இவ்வளவு ஒசரமா போடுறீங்கன்னு கேட்டேன், கண்ணுக்கு நேரா தெரிஞ்சா மட்டும் பத்தாதாம், இந்தத் தூரத்துக்கு நடுவுல அந்த நேர்கோட்டைச் சுத்தி சுமாரா 3 மீட்டர் காலியா இருக்கணுமாம், கருவேலம் வளந்தா வெட்டணும். சிக்னல் மைனஸ் 60 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர பலம் கூட) பக்கம் வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பி வச்சு, பண்ணைல நின்னு ஸ்பீட் டெஸ்ட் காட்டிட்டுத்தான் காசு வாங்குனாப்ல.

மொதக் கடைக்காரன் குடுத்தது வெறும் வெள்ளைச் சீட்டு, ஜிஎஸ்டி பில் இல்ல. ஆனா காசு போன்ல அனுப்புனதால ரெக்கார்டு இருக்கு, அதை வச்சு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் போட்டேன். அதுக்கப்புறம்தான் அவனே கூப்புட்டு பெட்டிய மட்டும் பாதி வெலைக்கு எடுத்துக்கிறேங்கிறான், கேபிளுக்குத் தரமாட்டானாம், "வெட்டுன கேபிள்ணே"ங்கிறான். முழுக் காசும் வராம நான் விடப்போறதில்ல. இதே நாலு கொம்புப் பெட்டிய வாங்குனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, சேந்தே புகார் போடலாம், காசு அனுப்புன ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்தக் கேபிள் துண்டையும் தூக்கிப் போட்டுறாதீங்க.