நான்கு வருட அலுமினிய லேப்டாப்பும் எங்கள் வீட்டு எர்த்தும்

நான் நான்கு வருடமாக வைத்திருக்கும் அலுமினிய லேப்டாப்பின் அதே மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறதாம். "வாங்கலாமா அண்ணா?" என்று சித்தி மகன் கேட்டான். திரை, பேட்டரி பற்றியெல்லாம் அவனுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்.

சார்ஜ் போட்டபடி வேலை செய்தால் மணிக்கட்டில் சுருசுருவென்று ஏறும். அழுத்திப் பிடித்தால் தெரியாது. லேசாகத் தடவினால் உப்புத்தாள் மேல் விரல் ஓடுவது போல அதிரும். சிமென்ட் தரையில் வெறுங்காலை வைத்தால் இன்னும் அதிகம். சர்வீஸ் சென்டரில் "மெட்டல் பாடி இப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். காரணத்தை ஒரு வரி சொல்லியிருந்தால் மூன்று வருடம் வீணாகியிருக்காது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மின் இரைச்சலை அடக்க சார்ஜருக்குள் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியே கொஞ்சம் கரண்ட் கசிந்து எர்த்தில், அதாவது மண்ணுக்குள் போகும் பாதுகாப்புக் கம்பியில், இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் பாடியிலேயே நிற்கும். மல்டிமீட்டரில் பார்த்தேன், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட பாதி காட்டியது. சார்ஜர் நன்றாக இருந்தால் பாயும் அளவு பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழ்தான், ஆளை ஒன்றும் செய்யாது. சுருக்கென்று பலமாக அடித்தால் அது வேறு கோளாறு, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

என் சார்ஜர் மூன்று பின், மூன்றாவது பின்தான் எர்த்துக்கு. நான் அதைச் சொருகியிருந்தது இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். சரி, தப்பு நம்முடையது என்று நேராகச் சுவர் போர்டில் சொருகினேன். அப்போதும் அதே சுருசுருப்பு!

போன மாதம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பை வைத்துப் பார்த்தார். எரியவே இல்லை, எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எங்களுடையது பர்கூர் பக்கம், கொஞ்சம் தோண்டினாலே பாறை. எர்த் குழி காய்ந்து கிடந்தது, எர்த் கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப் போயிருந்தது. அம்மா தினமும் ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுவார். அதற்கும் இதே எர்த்துதான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

புது கிளாம்ப் மாட்டி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பல்பு பளிச்சென்று எரிந்தது. அதே கையோடு, கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் போட்டாயிற்று. லேப்டாப்பில் இப்போது துளி அதிர்வு இல்லை.

நல்ல லேப்டாப், வீட்டுக்கே நல்லது செய்த லேப்டாப். ஆனாலும் தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் இருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் எர்த் குழியை எங்கே வைத்திருக்கிறார் என்றே அவனுக்குத் தெரியவில்லை.