கேசட்டைக் கொடுக்கும் முன் அந்தச் சின்னப் பொத்தானைப் பாருங்கள்

பழைய ஹேண்டிகேம் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரக் கடை தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மதுரையில் இருக்கிறது என்பது போதும்.

என்னிடம் இருந்தவை 11 மினிடிவி கேசட்டுகள் (இங்கே டிவி என்றால் டெலிவிஷன் இல்லை, டிஜிட்டல் வீடியோ). 2003, 2004-இல் எடுத்தவை. எங்கள் சோனி ஹேண்டிகேமில் கேசட் போடும் கதவு திறப்பது நின்றுபோய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால் கடை. ஒரு கேசட்டுக்கு 450 ரூபாய், முழுப் பணமும் முதலிலேயே. "ஃபுல் குவாலிட்டியில வரும் சார், பென்டிரைவ் மட்டும் கொடுங்க" என்றார் கடைக்காரர். நான் கேள்வியே கேட்கவில்லை. 11 கேசட்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பென்டிரைவ் வந்தது. ராத்திரி எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதல் காட்சியிலேயே அப்பாவின் நெற்றிக்கு மேல் SP என்று எழுத்து, பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண்கள். கடைசி வரை அவை மறையவே இல்லை. படத்தை அகல டிவிக்கு ஏற்ப இழுத்துவிட்டிருந்ததால் ஒல்லியான என் மைத்துனர் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார். ஒரு மணி நேரக் கேசட் ஒன்று 38 நிமிடத்தில் முடிந்துவிட்டது. போன் போட்டுக் கேட்டால், "டேப் பழசு சார், இவ்ளோதான் வரும்" என்று பதில். நானும் அதை ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், கல்யாண வீடியோ எடிட் செய்த அனுபவமுள்ள நண்பர் ஒருவர் அந்த ஃபைல்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மினிடிவியில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் பதிவாகியிருக்கிறது. ஃபயர்வயர் கேபிளில் (சோனி கேமராவில் ஐ-லிங்க் என்று போட்டிருக்கும்) எடுத்தால் கேசட்டில் இருப்பது அப்படியே ஃபைலாக இறங்கும். மணிக்கு சுமார் 13 ஜிபி வரும். எடுத்த தேதியும் நேரமும்கூட உள்ளேயே இருக்கும். கடையில் செய்திருப்பது வேறு. கேமராவிலிருந்து டிவிக்குப் போகும் மஞ்சள் வயரைப் பிடித்து, ஒரு மலிவான யுஎஸ்பி டப்பா வழியாக ரெக்கார்டு செய்திருக்கிறார்கள். அதனால்தான் கேமரா டிவியில் காட்டுகிற எழுத்தும் சேர்ந்து பதிவாகிவிட்டது. ஒரு கேசட்டுக்கு 700 எம்பிகூட இல்லை. பழைய ஹை8, வீடியோ8 கேசட் என்றால் அது அனலாக், மஞ்சள் வயரைக் குறை சொல்ல முடியாது. மினிடிவிக்கு அது அநியாயம். கேமராவில் யுஎஸ்பி துளை இருக்கிறதே என்றும் ஏமாறாதீர்கள், என் மாடலில் அது போட்டோவுக்குத்தான்.

நண்பரிடம் ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டரும், ஓடுகிற கேமராவும் இருந்தன. ஒரு மணி நேரக் கேசட் இறங்க ஒரு மணி நேரம்தான் ஆகும், வேகமாக ஓட்ட வழியில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அந்த 38 நிமிடக் கேசட்டில் நடுவே கொஞ்ச தூரம் வெறும் நீலத் திரை, அதைத் தாண்டினால் மீதி 22 நிமிடமும் பத்திரமாக இருந்தது. நீலம் வந்ததும் கடைப் பையன் முடிந்தது என்று நிறுத்தியிருக்கிறான். அந்த 22 நிமிடத்தில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்து வீட்டைத் திட்டுகிறார்.

இதுவரை பரவாயில்லை, பணம் போனது, படம் கிடைத்தது. ஏழாவது கேசட்டில்தான் வயிறு எரிந்தது. 2004, அழகர்கோவில், பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் மொட்டை போட்டு மகளுக்குக் காதுகுத்து. மைத்துனர் மடியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஆசாரி கம்பியைக் கையில் எடுக்கிறார். சட்டென்று ஒரு சீலிங் ஃபேன் சுற்றுகிறது. ஒட்டடை படிந்த ட்யூப்லைட். யாரோ, "டேய், ரெண்டு டீ சொல்லு" என்கிறார். 20 விநாடி. அடுத்து எல்லோரும் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடையில் கேசட்டைப் போட்டு, தெரியாமல் ரெக்கார்டு பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். பென்டிரைவில் அந்த இடத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. அழிந்த 20 விநாடியை இனி எந்தக் கேபிளாலும் எடுக்க முடியாது. மைத்துனர் இப்போது இல்லை. என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மினிடிவி கேசட்டின் முதுகில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். REC, SAVE என்று இரண்டு பக்கம். SAVE பக்கம் தள்ளியிருந்தால் எந்தக் கேமராவும் அதன்மேல் பதியாது. எங்கள் 11-உம் REC-இல்தான் இருந்தன, அது என் தப்பு. வெளியே கொடுப்பதானால் அதைத் தள்ளிவிட்டு, முதலில் ஒரே ஒரு கேசட்டை, அதுவும் போனால் பரவாயில்லை என்கிற கேசட்டைக் கொடுங்கள். ஃபயர்வயரா, மஞ்சள் வயரா என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் முழித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அந்த ஃபேன் காட்சியைக் கடைக்காரரிடம் போனிலேயே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எங்க கடை ஃபேன்தான்" என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு கேசட்டுக்கான 450 ரூபாயை மட்டும் ஜிபே செய்தார்.