இரும்புச் சிலுவை ‘முழு செட்’ வாங்கப் போகிறீர்களா? முதலில் காகிதத்தைப் பாருங்கள்

ஜெர்மனியில் முதல் உலகப் போர்க் காலப் பதக்கங்கள் சேகரிப்பவர்கள், அதிலும் புதிதாக ஆரம்பித்திருப்பவர்கள், பெயரும் சான்றும் சேர்ந்த ‘முழு செட்’ ஒன்றுக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு இணைய வியாபாரி எனக்கு 680 யூரோவுக்கு விற்ற செட்டைப் பற்றியது இது. போராடிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஆனால் அதே செட் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

செட்டில் இருந்தவை: 1914 இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் வீரப் பதக்கத்தின் இரண்டாம் வகுப்பு, அதைவிட உயர்ந்த முதல் வகுப்பு, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் கறுப்பு நிறக் காயச் சின்னம், மூன்றுக்குமான வழங்கல் சான்றுகள். எல்லாம் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த ஒரு காலாட்படை வீரரின் பெயரில். கூடவே, ‘அசல் என்பதற்கு வாழ்நாள் உத்தரவாதம்’ என்று வியாபாரியே கையெழுத்துப் போட்ட ஒரு கெட்டி அட்டை.

இதில் விலை முழுக்க முதல் வகுப்பின் மேல்தான் நிற்கிறது. முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்பு 50 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. முதல் வகுப்பு சுமார் 2 லட்சம்தான். முதல் வகுப்பையும் அதன் சான்றையும் எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது நான் கொடுத்ததில் பாதிக்குக்கூடப் போகாது.

பார்சலைப் பிரித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது அந்த முதல் வகுப்பின் மேல்தான். அசல் சிலுவையில் பொதுவாக மூன்று பாகங்கள் இருக்கும். நடுவில் கறுப்பு பூசிய இரும்பு, அதை இரு பக்கமும் அணைத்துப் பற்றவைத்த வெள்ளிச் சட்டங்கள் இரண்டு. வெளி ஓரத்தை லென்ஸில் பார்த்தால் அந்த இரண்டு சட்டமும் சேரும் கோடு மெல்லிசாகத் தெரியும். இதில் கோடே இல்லை. காந்தமும் ஒட்டவில்லை. கேட்டதற்கு, “இரும்பு இல்லாத நடுப்பாகத்தோடும் அசல் உண்டு, ஒரே துண்டாகச் செய்ததும் உண்டு, உங்களுக்குக் கிடைத்திருப்பது அபூர்வமான ரகம்” என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட அசல்கள் உண்டு என்பது உண்மைதான். காந்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்று அனுபவசாலிகளும் சொல்வார்கள். அந்த உண்மையைத்தான் இவர் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்.

சரி, காந்தத்தை விடுவோம். சிலுவையின் முன்பக்கத்தில் மேலே ஒரு கிரீடமும் நடுவில் W எழுத்தும் இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் அந்தக் கிரீடத்தைப் பார்த்தேன். அச்சில் அடித்த உலோகமாக இருந்தால் கிரீடத்தின் மேலுள்ள சின்னச் சின்ன மணிகள் தனித்தனியாக நிற்க வேண்டும். இதில் ஒன்றோடொன்று வழிந்து கலந்திருந்தன. W எழுத்துக்குக் கீழே, கறுப்புப் பூச்சுக்கு அடியில், ஊசியால் குத்தினாற்போல இரண்டு குழிகள். உருக்கி ஊற்றும்போது காற்றுக்குமிழ் விட்டுப்போன தடம் அது. ஒரு அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவ்வளவும் உலோகத்தைப் பற்றி. என்னைக் கொதிக்க வைத்தது காகிதம். முதல் வகுப்புக்கான சான்றில் ஊதா நிறத்தில் வட்டமான படைப்பிரிவு முத்திரை இருந்தது. வெறும் கண்ணுக்குக் கச்சிதமாக, கொஞ்சம் மங்கி, ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து, நம்பும்படியாகவே இருந்தது. லென்ஸை வைத்தால் ஊதாவே இல்லை. இளஞ்சிவப்புப் புள்ளிகளும் நீலப் புள்ளிகளும் பக்கத்துப் பக்கத்தில் தெளித்திருந்தன. இன்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தது. ரப்பர் முத்திரையின் மை காகித இழைக்குள் ஊறியிருக்கும், இப்படிப் புள்ளி புள்ளியாக நிற்காது. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தேன். மற்ற இரண்டு சான்றுகளும் மந்தமான பழுப்பாகக் கிடக்க, இது மட்டும் நீல வெள்ளையாகப் பளிச்சென்று மின்னியது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் அந்த ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. 1916 தேதியிட்ட சான்றில் அதற்கு வேலையே இல்லை. ரிப்பனுக்கும் தையல் நூலுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மின்னினால் போலி என்று சொல்லலாம், மின்னாததால் அசல் என்று ஆகிவிடாது. பழைய வெற்றுத் தாள்களைத் தேடிப் பிடித்து அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து அந்த வீரரையே தேடினேன். பவேரியர் என்பதால் இது முடிந்தது. அன்றைய ஜெர்மன் பேரரசின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் படை ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. பிரஷ்யப் படைப்பிரிவின் பெயரில் ஒரு போலிச் சான்று வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அநேகமாக எதுவும் கிடைக்காது. பவேரியப் படைக்குத் தனி நிர்வாகம். அதன் வீரர் பதிவேடுகள் மியூனிக்கில் மாநில ஆவணக் காப்பகத்தின் போர்ப் பிரிவில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கங்களை வம்சாவளி தேடும் இணையதளம் ஒன்றில் கட்டணம் கட்டியும் பார்க்கலாம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரிசை: பிறந்த ஊர், மதம், தொழில், பெற்றோர், கலந்துகொண்ட சண்டைகள், பட்ட காயங்கள், பெற்ற விருதுகள்.

அவர் இருந்தார். தச்சர். பிரான்ஸில் சோம் போர்முனையில் காயம்பட்டவர். விருதுக் கட்டத்தில் இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பும் காயச் சின்னமும் எழுதியிருந்தன. முதல் வகுப்பு இல்லை. காயச் சின்னச் சான்றின் தேதிகூடச் சரியாக 1918 கோடையில் விழுகிறது. அந்தச் சின்னமே 1918 மார்ச்சில்தான் ஏற்படுத்தப்பட்டது. (அதற்கு முந்தைய தேதி போட்ட சான்றை யாராவது நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.)

ஆக, ஒரு மனிதர் உண்மையாகப் பெற்ற இரண்டு விருதுகளைத் தூண்டில் புழுவாக மாட்டி, அவர் பெறாத ஒன்றை விற்றிருக்கிறார்கள். பணத்தைவிட இதுதான் எனக்கு வலித்தது. அந்தத் தச்சரின் இரண்டு சான்றுகளும் அப்படியே, உள்ளபடியே பாதுகாக்க வேண்டியவை. இப்போது அவற்றோடு ஒரு பொய்யைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். இனி யார் கைக்குப் போனாலும் மூன்றையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள்.

பணம் திரும்பி வந்த கதையும் தெரிந்திருக்க வேண்டியதுதான். தொழில்முறை வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பும் உரிமை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் உண்டு. முதல் மெயிலிலேயே நான் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன். “படம் அனுப்புங்கள்”, “எங்கள் நிபுணர் ஊரில் இல்லை”, “அடுத்த வாரம் பார்க்கிறோம்” என்று இழுத்தார். 14 நாள் கடந்ததும் தொனி மாறியது. காலம் முடிந்துவிட்டதாம், அந்த வாழ்நாள் உத்தரவாதம் வேறு நிபுணர் மறுத்தால்தான் செல்லுமாம், அந்த நிபுணரையும் அவர்தான் ஏற்க வேண்டுமாம். நுகர்வோர் ஆலோசனை மையத்தில் விசாரித்தபோதுதான் வழி கிடைத்தது. திருப்பி அனுப்பும் உரிமையைப் பற்றி வியாபாரி முறைப்படி எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்த உரிமை இன்னும் 12 மாதம் நீள்கிறது. அவர் அனுப்பிய எதிலும் அந்த அறிவிப்பு இல்லை. பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதில் கெடு தேதி. அதற்குப் பிறகு பணம் வந்தது.

தனியாரிடம் வாங்கினால் இந்த 14 நாள் கிடையாது. ஆனாலும் ‘தனியார் விற்பனை, எந்தப் பொறுப்பும் இல்லை’ என்ற வரியைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். ‘அசல்’ என்று விவரித்து விற்ற பொருள் போலியாக இருந்தால் அந்த வரி விற்றவரைக் காப்பாற்றாது. விளம்பரத்தை அன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். பேபாலில் ‘நண்பர்களுக்கு அனுப்பு’ வழியாகப் பணம் கேட்பவரிடம் வாங்கவே வேண்டாம், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. வியாபாரி தானே எழுதித் தரும் சான்றிதழுக்கு அவருடைய வாய்ச்சொல்லுக்கு மேல் மதிப்பில்லை. விலை அதிகமான பொருளுக்கு, தொழில் வர்த்தக சபை நியமித்துப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட நிபுணர்களின் பட்டியலில் தேடி ஒருவரைப் பிடியுங்கள்.

வியாபாரியின் பெயரை இங்கே எழுதவில்லை. போலீஸில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. செட்டை அடையாளம் கண்டுகொள்ள இது போதும்: முதல் வகுப்புச் சிலுவையில் W எழுத்தின் கீழே இரண்டு ஊசிக்குழிகள், பின்பக்கம் ஊசியின் கீலுக்குப் பக்கத்தில் குறுக்காக ஒரு கீறல், சான்று நான்காக மடித்தது, ஊதா முத்திரை வலது கீழ் மூலையில். இப்போது போட்டிருக்கும் விளம்பரத்தில் முத்திரை இருக்கும் மூலை மட்டும் படத்துக்கு வெளியே போயிருக்கிறது. அந்த மூலையின் படத்தைக் கேளுங்கள். புற ஊதா வெளிச்சத்தில் எடுத்த படமும் வேண்டும் என்று சொல்லுங்கள்.