பழைய அலுமினியக் கனோவுக்கு ஜி-ஃப்ளெக்ஸ் 650 போதுமா?

ஜி-ஃப்ளெக்ஸ் 650 என்பது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்து பூசும் வெஸ்ட் சிஸ்டம் கம்பெனியின் எபாக்ஸிப் பசை. கனோ என்ற துடுப்புப் படகின் ரிவெட் ஒழுகலுக்கும், தகடுகள் சேரும் மடிப்பின் ஒழுகலுக்கும் இது போதும். கிழிந்த தகட்டுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

1945 முதல் அமெரிக்காவின் க்ரம்மன் விமானக் கம்பெனி செய்த கனோக்கள் இன்னும் ஏரிகளில் ஓடுகின்றன. வழக்கமான தகடு 1.3 மி.மீ. கல்லில் உரசும்போது அது வளையும். சாதாரண எபாக்ஸி அந்த வளைவைத் தாங்காமல் விளிம்பில் உரிந்து வந்துவிடும். ஜி-ஃப்ளெக்ஸின் விறைப்பு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தகட்டோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். வெஸ்ட் சிஸ்டம் தயாரிப்புகளில் அலுமினியத்துக்கு நாங்கள் இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

முதலில் ஒழுகும் இடத்தைப் பிடியுங்கள். கனோவைத் தாங்கிகள் மேல் நன்றாக உட்கார வைத்து, உள்ளே இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றி, வெளியே துளி கட்டும் இடத்தில் மார்க்கரால் வட்டமிடுங்கள். தளர்ந்த ரிவெட்டை எபாக்ஸிக்கு முன்பே இறுக்க வேண்டும்: வெளித்தலையில் டாலி எனும் கனமான இரும்புக் கட்டியை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு. ஆடும் ரிவெட்டின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

ஒட்டு பிடிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் அலுமினியம்தான். தேய்த்த சில நிமிடங்களிலேயே ஆக்சைடு படிந்துவிடும். ஆகவே எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, உடனே மெல்லிய பூச்சு கொடுத்து, அது ஈரமாக இருக்கும்போதே மறுபடி உப்புத்தாளால் தேயுங்கள். பசை கறுத்துச் சாம்பல் நிறமாகும். அதைத் துடைக்காமல் மேல் பூச்சு போடுங்கள்.

ரெசினும் ஹார்டனரும் சம அளவு, கணக்கு எளிது. கலந்தபின் அறை வெப்பத்தில் கிண்ணத்தில் முக்கால் மணி நேரம் தாங்கும். தகட்டை ஹீட் கன்னால் இளஞ்சூடாக்கிப் பூசினால், பசை இளகி மடிப்பு இடுக்குக்குள் தானாக இழுபட்டுப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். சரிவான பக்கங்களில் வழியும், அங்கே சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்குங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். வெயில் எபாக்ஸியைக் கெடுக்கும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம்.

விரிசல் என்றால் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் தாண்டும் 5052 வகை அலுமினியத் தகட்டை ஜி-ஃப்ளெக்ஸ் தடவி வைத்து, அங்குலத்துக்கு ஒன்றாக அடிமூடிய அலுமினிய பாப் ரிவெட் அடியுங்கள். சாதாரண பாப் ரிவெட்டின் நடு ஓட்டை வழியாகவே தண்ணீர் வரும். இரும்பு ரிவெட் போட்டால் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கும்.

செலவு குறையும் என்று சிலிகான் பூசிவிடாதீர்கள். உரித்தபின் மிஞ்சும் படலத்தின் மேல் எந்த எபாக்ஸியும் பிடிக்காது. இருப்பதிலேயே சின்ன டப்பா, ரெசினும் ஹார்டனரும் சேர்த்து 8 அவுன்ஸ், ஒரு கனோவின் ரிவெட் வரிசைக்குத் தாராளம்.