வீடியோ 4 ஜிபியில் அறுந்தால் கோளாறு பென்டிரைவில்தான். விஎல்சி வீடியோ பிளேயருக்குக் காசு கொடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டு மணிவிழா வீடியோ. இரண்டரை மணி நேரம், சுமார் 9 ஜிபி. பென்டிரைவைச் செருகினால் படம் ஓடவே இல்லை. "ஆச்சி, நீங்க வச்சிருக்கது ஓசி விஎல்சி. 4 ஜிபிக்கு மேல ஓடாது. ஃபுல் வெர்ஷன் போட்டுத் தர்றேன்" என்று ஒருவர் சொல்லி 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். சீரியல் கீ ஒன்றும் எழுதிக் கொடுத்தாராம். அதன் பிறகும் ஓடவில்லை.

விஎல்சி யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள். அதில் ஃபுல் வெர்ஷன் என்று தனியாக எதுவும் கிடையாது. அது எந்தக் கீயும் கேட்காது. கட்டற்ற மென்பொருளை விற்பதை அதன் உரிமமே அனுமதிக்கிறது. போட்டுக் கொடுத்ததற்குக் கூலி கேட்டாலும் நியாயம்தான். இல்லாத வரம்பைச் சொல்லி, அதை நீக்குவதாகக் காசு பிடுங்குவதுதான் மோசடி.

உண்மையான வரம்பு பென்டிரைவின் ஃபேட்32 ஃபார்மேட்டில், அதாவது அதில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில், இருக்கிறது. அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறிக்க 32 பிட்தான் இடம். அதனால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. விண்டோஸ் என்றால் எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிடும். லினக்ஸில் அந்த அளவு வரை ஏற்றிவிட்டுப் பிழை காட்டி நிற்கும். கவனிக்காமல் உருவிக் கொடுத்தால் அரைகுறை ஃபைல்தான் உங்கள் கைக்கு வரும். எம்பி4 வீடியோ ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். வால் அறுந்தால் முதல் நிமிடம்கூட ஓடாததற்குக் காரணம் அதுதான்.

சோதிப்பது எளிது. ஃபைலின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். சைஸில் 4,294,967,295 பைட் என்று நின்றால் அறுந்த ஃபைல். பென்டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் ஃபேட்32 என்று இருக்கும். அறுந்த பகுதி அதில் ஏறவே இல்லை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கடைக் கம்ப்யூட்டரில் உள்ள மூல ஃபைலை அழிப்பதற்குள் போய்க் கேளுங்கள்.

பென்டிரைவில் வேறு ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள், ஃபார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும். பிறகு ரைட் கிளிக், ஃபார்மேட், எக்ஸ்ஃபேட் (4 ஜிபி வரம்பு இல்லாத ஃபார்மேட்), குயிக் ஃபார்மேட். பழைய டிவி சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அப்படியானால் ஃபேட்32 இருக்கட்டும். எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் 3,900 எம்பி வீதம் துண்டு போடச் சொல்லுங்கள். படத்தின் தரம் குறையாது. 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்) வீடியோ என்றால் ஒரு துண்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும்.

கணக்கு அட்டவணை போடும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸிலும், ஓசி என்பதால்தான் வரம்பு என்று இதே பேச்சு நடக்கிறது. 65,536 வரிசையோடு நிற்பது பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட்டின் எல்லை. லிப்ரே ஆஃபீஸின் சொந்த ஃபார்மேட்டான ஓடிஎஸ் ஆகச் சேமித்தால் 10,48,576 வரிசை வரை கொள்ளும். ஊர்ப் புள்ளிக் (குடும்பக்) கணக்குக்குத் தாராளம்.

வீடியோவுக்குப் பாக்கிப் பணம் தருவதற்கு முன், கடையிலேயே பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகச் சொல்லுங்கள். அதிலிருந்தே படத்தை ஓட்டி, கடைசி ஐந்து நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள்.